வெள்ளிக்கிழமை வெந்நீர்

தமியாத்
3 அக்டோபர் 2021

என் உயிரான அவாதிஃப் அக்காவுக்கு, உன் தங்கை தஹானி சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அஸ்வான் வெயில் உன் முட்டிவலிக்கு நல்லது என்றாயே, இப்போது படியேற முடிகிறதா? ரஃபத் மச்சானுக்கு என் சலாம்.

கையில் போன் இருக்க இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் என் போன் எல்லோருக்கும் பொது. என் ஆபரேஷனைப் பற்றி நீ பேசி அனுப்பியதை முதலில் கேட்டவள் மாமியார். கேட்டுவிட்டு, "உன் அக்கா உன் வயித்துக்குள்ள இருக்கறதையெல்லாம் ஊருக்கே படிச்சுக் காட்டறா" என்றாள். அதனால் நான் தையல் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூட முகவரிக்கு நீயும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையோடு சினைப்பை இரண்டையும் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் அதோடு இன்னொன்றும் போய்விட்டது அக்கா. ஷவ்கி என் தோளில் கை வைத்தால், பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் கை பட்ட மாதிரி இருக்கிறது. வெறுப்பு இல்லை. கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. இருபத்திரண்டு வருடமாக, இந்த மனிதர் சோபா பட்டறையிலிருந்து பசையும் புதுத்துணியும் மணக்க வீட்டுக்குள் வரும்போது என் வயிற்றுக்குள் ஒரு மீன் துள்ளும். அந்த மீன் செத்துவிட்டது. இன்றும் அவர்தான் என் உயிர். அவர் இருமினால் நான் எழுந்து உட்காருகிறேன். ஆனால் ஆசை என்று கையை விட்டுத் தேடினால் வெறும் பானைதான்.

முதலில் சகித்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. "கல்யாண வீட்டுல போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கே நீ" என்றார். அப்புறம் கேட்பதையே நிறுத்திவிட்டார். ஏழு மாதம் ஆகிறது.

மாமியார் அறைக்கும் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். வியாழன் இரவு கூடினால் இருவரும் குளித்துவிட்டுத்தானே விடியலில் தொழவேண்டும். வெள்ளிக்கிழமை விடியலில் குழாயைத் திறந்து கேஸ் ஹீட்டர் பக்கென்று பற்றுகிற சத்தம் கேட்டால், மகனும் மருமகளும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவளுக்கு நிம்மதி. கேட்காத வெள்ளியில், "என்ன, கேஸ் தீந்துடுச்சா?" என்பாள். அதற்குப் பயந்து, யாரும் தொடாத உடம்போடு வெள்ளிதோறும் எழுந்து ஹீட்டரைப் பற்றவைத்துக் குளிக்கிறேன். ஷவ்கி கண்ணை மூடிப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் குளிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வெள்ளி மாமியார் கொடியைப் பார்த்தாள். "ரெண்டு துண்டு தொங்குது. ஒண்ணுதான் ஈரமா இருக்கு" என்றாள். அன்று சாப்பாட்டில் கரீமா பேச்சை எடுத்தாள். கரீமா அவள் தங்கை மகள், விதவை, முப்பத்தாறு வயது. "பாவம், ஆண் துணையில்லாம கிடக்கா. நாலு வரைக்கும் அல்லாஹ் அனுமதிச்சிருக்கான்." ஷவ்கி, "அவரைல உப்பு குறைச்சல்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை அக்கா. உப்பைக் கேட்டார்.

எனக்கு வழி தெரியவில்லை. நீதான் சொல்லவேண்டும்.

உன் துஆவை நாடும்
தஹானி

●

அஸ்வான்
21 அக்டோபர் 2021

என் கண்மணி தஹானிக்கு, அவாதிஃப் எழுதுவது. உன் மேலும் உன் வீட்டின் மேலும் சாந்தி உண்டாகட்டும். நான் நலம். படியேறுகிற வேலை எனக்கு இல்லை, கீழேயே இருந்துகொள்கிறேன். ரஃபத் மேல்மாடி கட்டுகிறார். வீடு முழுக்க சிமெண்ட் தூசி. அவர் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், நீ மேலே படித்தவள். ஆனாலும் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு மாற்றுகிறவள் நான். டாக்டர்கள் தலைக்குமேல் பேசுவது தரையைத் துடைக்கிறவள் காதிலும் விழும். ஒன்று கேள். நீ கெட்டவளும் இல்லை, சூனியம் பட்டவளும் இல்லை. எடுத்துப் போட்ட உறுப்போடு ஏதோ போயிருக்கிறது. அதற்கு வைத்தியம் உண்டு.

ஆசை ஊறும் என்று ஜர்ஜீர் கீரையைக் கட்டிலுக்கடியில் பயிரிடச் சொல்வார்களே, அதைச் செய்து பார் என்று எழுதப்போனேன். எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கீரையால் நடக்குமென்றால் நம் அம்மாவுக்குப் பதினெட்டுப் பிள்ளை பிறந்திருக்கும். மன்சூராவில் இப்திசாம் என்று ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். எங்கள் வார்டு நர்ஸின் அண்ணி அவரிடம்தான் போனாள். முட்டிக்கு என்று சொல்லிவிட்டுப் போ. முட்டி வலிக்கிற குடும்பம்தானே நாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தாமதிக்காதே. ஆண்பிள்ளை உப்பைக் கேட்கும்போதே எழுந்துவிடவேண்டும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் முடிந்தது.

செம்பருத்தி இதழ் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குளிர்ச்சியாகக் குடி.

உன் அக்கா
அவாதிஃப்

●

தமியாத்
20 நவம்பர் 2021

அன்பு அக்காவுக்கு தஹானியின் சலாம். செம்பருத்தி வந்தது. பாதியை மாமியார் எடுத்துக்கொண்டாள். தூசி உனக்கு இருமலைக் கிளப்பும், மூக்கில் துணி கட்டிக்கொள். மேல்மாடி யாருக்கு, வாடகைக்கா?

டாக்டர் இப்திசாம் என் வயதுக்காரி. கதவைச் சாத்திவிட்டு அவர் கேட்ட கேள்விகளை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"புருஷன் மேல கோவமா?"

"இல்ல."

"பயமா?"

"இல்ல டாக்டர்."

"வலிக்குதா?"

"வலிச்சாலாவது அங்க நான் இருக்கேன்னு தெரியுமே."

அவர் பேனாவை வைத்துவிட்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "டெஸ்டோஸ்டிரோன்னு ஒண்ணு. ஆம்பளைச் சரக்குன்னு ஊர்ல பேரு. பொம்பளை உடம்புலயும் அது ஊறுது. உங்களுக்கு ஊறினதுல பாதி சினைப்பைலதான். கிணத்தையே எடுத்துட்டாங்க, தண்ணி எங்கேருந்து வரும்?"

"அப்போ என் மனசு கெட்டுப்போகலையா?" என்று கேட்டேன். கேட்டதும் அழுதுவிட்டேன். இரண்டு வருடம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன் அக்கா.

பெண்களுக்கென்று அளந்து செய்த மருந்து நம் நாட்டில் இல்லையாம். ஆண்கள் பூசுகிற ஜெல்தான் பொட்டலமாகக் கிடைக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும், குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றுகிற ஊசியில்லாக் குழலால் அளந்து, தொடையில் பூசவேண்டும். ரத்தம் பரிசோதிக்கவேண்டும். "மந்திரமில்ல இது. சிலருக்குக் கேக்கும், சிலருக்குக் கேக்காது. வாரக்கணக்கா காத்திருக்கணும். ஆறு மாசத்துல ஒண்ணும் தெரியலேன்னா நிறுத்திடுவோம்" என்றார்.

மன்சூராவில் எந்தக் கடையிலும் இருப்பு இல்லை. எங்கள் தெரு மருந்துக்கடை வக்திதான் வரவழைத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். நான் தலையாட்டினேன். அதை விடு.

பொட்டலம் தையல் மெஷின் பெட்டிக்குள் இருக்கிறது. அல்லாஹ்விடம் எனக்காகத் துஆ செய்.

தஹானி

●

அஸ்வான்
9 டிசம்பர் 2021

கண்ணே தஹானி, உனக்கும் வீட்டாருக்கும் சலாம். உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் விரிப்புகள் காயப்போடும் மொட்டைமாடியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். கிணறு பற்றி அந்த டாக்டர் சொன்னது என் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

அளவு தாண்டாதே. உன்னை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ரொட்டி உப்பவில்லை என்று ஈஸ்ட்டைக் கைநிறைய அள்ளிப் போட்டவள் நீ.

இங்கே மேல்மாடி முடிந்தது. பச்சை வர்ணம் அடித்தாகிவிட்டது. குழாய்கூட மாட்டிவிட்டார்கள். நான் ஜன்னலைத் திறந்துவைத்தே தூங்குகிறேன். மூடச்சொல்ல ஆளில்லை.

கரீமா வருகிறாளா? எழுது.

அவாதிஃப்

●

தமியாத்
10 ஜனவரி 2022

அக்காவுக்கு சலாம். இங்கே மழையும் கடல்காற்றும். மாமியாருக்குச் சளி. உன் உடம்பு எப்படி? இந்தத் தடவை மச்சான் சலாம் சொல்லவில்லையே, ஊரில் இல்லையா? மேல்மாடி யாருக்கு என்று கேட்டேன், அதையும் நீ எழுதவில்லை.

ஏழு வாரம் ஆயிற்று. ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் என்னையே முகர்ந்து பார்க்கிற மாதிரி உள்ளே தேடிப் பார்க்கிறேன். அதே வெறும் பானை.

கரீமா இப்போது செவ்வாய்தோறும் வருகிறாள். கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். என் சமையலறையில் என் கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அக்கா, உங்களுக்கு ஏன் கஷ்டம், நான் பண்றேன்" என்கிறாள். பாத்திரம் எது எங்கே என்று கற்றுக்கொண்டுவிட்டாள். மாமியார் என்னைப் பார்த்துக்கொண்டே, "கை பாரு, எவ்வளவு சூடான கை" என்கிறாள்.

நீ சொன்னதை மீறினேன். நாலு நாள் இரண்டு மடங்கு பூசினேன். தாடையில் பரு வந்தது. கூடவே ஒரு முடி, கறுப்பாக, கம்பி மாதிரி. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெண்ணாக ஆகத்தானே அக்கா இதைப் பூசினேன்? டாக்டருக்குப் போன் செய்தால், "உப்பை ரெண்டு மடங்கு போட்டா சோறு சீக்கிரம் வெந்துடுமா? நாளைலேருந்து பழைய அளவு" என்று வைதுவிட்டார்.

ஷவ்கிக்கு ஏதோ ஆகிவிட்டது. பத்து நாளாகக் காப்பிக்கடைக்குப் போவதில்லை. வேலை முடிந்தால் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறார். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுக்கிறார். கரீமாவைப் பற்றி முடிவு செய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கப் பயமாக இருக்கிறது. பதில் சீக்கிரம் போடு.

தஹானி

●

தமியாத்
4 மார்ச் 2022

அக்கா, சலாம். இரண்டு மாதமாகப் பதில் இல்லை. தினமும் பள்ளிக்கூட வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒரு வரியாவது எழுது.

இரண்டு சேதி. முதல் சேதி நல்லது. நடுவில் ஒருநாள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். சோபாவின் முதுகுக்குத் துணி இழுத்து அடித்துக்கொண்டிருந்தார். சின்ன ஆணிகளை வழக்கம்போல் வாயில் அடக்கி, ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிப்பார், தெரியுமே. பின்கழுத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிடவேண்டும் என்று கை போனது. தட்டிவிட்ட பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை. அக்கா, மீன் துள்ளியது. சின்ன மீன்தான். ஆனால் துள்ளியது. அன்றைக்கு வீடுவரை வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இரண்டாவது சேதி. நான் தொட்டதும் அவர் கழுத்தை இழுத்துக்கொண்டார்.

ஏன் என்று மாமியார் மூலம் தெரிந்தது. போன வியாழன் அவள் என் தலையைப் பிடித்து முத்தமிட்டாள். "மன்னிச்சுக்கோடி மகளே. குறை என் பிள்ளைகிட்ட இருக்கு. தெரியாம உன்னைப் பேசிட்டேன். வெளில சொல்லாம அவன் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கே" என்று அழுதாள்.

வக்தி என்னிடம் கேட்ட கேள்வியை உன்னிடம் மறைத்தேன். இப்போது சொல்கிறேன். டப்பாவைக் காட்டி, "ஷவ்கி மேஸ்திரிக்கா?" என்றார். கடையில் நாலு பேர் நின்றார்கள். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்பிள்ளைக்கு ஆசை வேண்டும் என்று கடையில் நின்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலை வக்தி காப்பிக்கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே ஒருவன் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறான். "மேஸ்திரி, என் சோபாவுக்கு ஸ்பிரிங் போட்டியா, இல்ல வக்தி கடை ஜெல்லைத் தடவி நிமித்திட்டியா?" கடையே சிரித்ததாம். ஷவ்கி காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்து வந்தாராம். அன்றிலிருந்துதான் போகவில்லை.

இப்போது மாமியார் ஆண்பிள்ளைக்குத் தெம்பு வரும் என்று ஒருநாள் விட்டு ஒருநாள் புறா வாங்கி, வயிற்றில் கோதுமை அடைத்து அவருக்கு ஊட்டாத குறையாக வைக்கிறாள். "தின்னுடா, எலும்பையும் சப்பு" என்கிறாள். தலை குனிந்து தின்கிறார். கரீமா வருவதில்லை. "எனக்கெதுக்குப் பெரியம்மா, இருக்கறவளே கஷ்டப்படறா" என்று சொல்லிவிட்டாளாம்.

புரிகிறதா அக்கா? என் பொய்தான் கரீமாவை வீட்டைவிட்டு விரட்டியது. அதே பொய் என் புருஷனைத் தெருவில் தலைகுனிய வைத்தது. உண்மையைச் சொன்னால் அவர் மானம் திரும்பிவரும், கூடவே கரீமாவும் வருவாள். சொல்லாவிட்டால் நான் தப்பித்தேன். அவர் புறா தின்றுகொண்டே செத்துப்போவார். நான் என்ன செய்ய?

தஹானி

●

அஸ்வான்
19 மார்ச் 2022

தஹானிக்கு அவாதிஃப்பின் சலாம். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கைதான் எழுதவில்லை.

வாயைத் திறக்காதே. இதுதான் என் பதில். புறா தின்று யாரும் செத்ததில்லை. ஊர்ச் சிரிப்பு ரமலான் வந்தால் அடங்கிவிடும். வீட்டுக்குள் வந்த இன்னொருத்தி அடங்கமாட்டாள்.

மேல்மாடி யாருக்கு என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ரஃபத்துக்கும் எத்ஃபூ ஊர்க்காரி ஒருத்திக்கும். இருபத்தெட்டு வயது. கல்யாணப் பதிவாளர் அனுப்பிய அறிவிப்பு டிசம்பரில் தபாலில் வந்தது. உன் கடிதம் என்று நினைத்து ஓடிப்போய் வாங்கினேன். கையெழுத்துப் போட்டேன். கையெழுத்தாவது கோணாமல் இருக்கட்டும் என்று நிதானமாகப் போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். மூன்று வருடம் முன்னால், தீட்டு நின்றபோது, எனக்கும் அதுதான் ஆயிற்று. நான் உன்னைப் போலப் பொய்க்குளியல் குளிக்கவில்லை. ரோஷக்காரி. நேராகச் சொன்னேன். "எனக்கு இனிமே மனசில்ல, என்னை விட்டுடுங்க" என்றேன். அவர் சண்டை போடவில்லை. "சரி" என்றார். அந்தச் சரியைப் பெரிய மனசு என்று நினைத்து இரண்டு வருடம் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் செங்கல் வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை விடியலில் மேலே தண்ணீர் திறக்கிறார்கள். குழாய் என் தலைமாட்டுச் சுவர் வழியாகத்தான் இறங்குகிறது. உன் மாமியார் கேட்க ஆசைப்படுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

உண்மை சொன்னவள் கீழ்வீட்டில் இருக்கிறேன். நீ சொல்லாதே.

அவாதிஃப்

●

தமியாத்
23 ஏப்ரல் 2022

அக்காவுக்கு, நோன்பு நாளில் சலாம். உன் கடிதத்தைப் படித்துப் பள்ளிக்கூடத்துத் துணி அலமாரிக்குள் முகத்தை வைத்து அழுதேன். ஆறு மாதம் என் பாட்டையே உன்னிடம் பாடினேன். நீ உன்னுடையதை வைத்துக்கொண்டு எனக்குச் செம்பருத்தி அனுப்பினாய். மன்னித்துவிடு.

ஆனாலும் உன் பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் பட்டறைக்குப் போனேன். நோன்போடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய ஆணி. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது, அவரால் நடுவில் பேச முடியாது. ஆபரேஷனிலிருந்து தொடங்கி, செத்த மீன், பொய்க்குளியல், டாக்டர், பொட்டலம், வக்தி, தலையாட்டல் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு ஆணியாக உள்ளங்கையில் துப்பினார். கடைசி ஆணியையும் துப்பிவிட்டு, "அப்போ அது எனக்காக வாங்கினது இல்லையா?" என்றார்.

"இல்ல. எனக்கு."

"ஜனவரிலேருந்து காத்துக்கிட்டிருக்கேன் தஹானி. என்னிக்கு நீ அதை எடுத்து என் கையில குடுப்பேன்னு. குடுக்கக்கூட கூசற அளவுக்கு நான் போயிட்டேன்னு நெனச்சேன். அதான் நீ கல்லா கிடந்தியாக்கும்னு. காப்பிக்கடைல சிரிச்சது வலிக்கல. நீ சரின்னு சொல்லியிருக்கேன்னாங்களே, அதுதான்."

"பெருநாள் தொழுகை முடிஞ்சதும் வக்தி கடை வாசல்ல நின்னு நானே சொல்லிடறேன். உங்க அம்மாகிட்டயும் சொல்றேன். அப்புறம் கரீமா வந்தா வரட்டும்."

அவர் ஆணிகளை டப்பாவில் போட்டு மூடினார். "ஒரு வார்த்தை. என்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீ" என்றார்.

மறுநாள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். நோன்பின் கடைசிப் பத்து நாள் அங்கேயே தங்கப்போகிறாராம். இத்தனை வருடத்தில் ஒருநாளும் தங்கியதில்லை. மாமியார் குணமாவதற்குத்தான் போயிருக்கிறான் என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறாள். நோன்பு திறக்கச் சாப்பாடு கட்டி அனுப்புகிறேன். பாத்திரம் காலியாகத் திரும்பிவருகிறது. சேதி எதுவும் வருவதில்லை.

பெருநாளன்று வந்து என்ன சொல்வார்? தலாக் என்று ஒரு வார்த்தை போதுமே. ஜெல்லைப் பூசுவதை நிறுத்தவில்லை அக்கா. வெட்கம் கெட்டவள் என்று நினைப்பாய். அவர் இல்லாத கட்டிலில் படுத்துக்கொண்டு, இப்போதுதான் எனக்கு அவர் வேண்டும் வேண்டும் என்று இருக்கிறது.

தஹானி

●

அஸ்வான்
28 ஏப்ரல் 2022

தஹானி, சலாம். நலம் விசாரிக்க நேரமில்லை, தபால் பை கட்டப்போகிறார்கள்.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் அங்கே ஒரு நிமிடம் நிற்காதே. கெஞ்சாதே. தையல் மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டு ரயிலேறு. என் அறை சின்னது. கட்டில் பெரியது. சின்ன வயதில் ஒரே போர்வையில் படுத்தவர்கள்தானே.

சொல்லாதே என்று எழுதினேன். நீ சொன்னாய். உன்னைத் திட்ட உட்கார்ந்தேன், வரவில்லை.

அவாதிஃப்

●

தமியாத்
8 மே 2022

என் அன்பு அக்காவுக்குப் பெருநாள் வாழ்த்தும் சலாமும். என் சேதி வராமல் நீ தூங்கியிருக்கமாட்டாய். அதனால் முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தை வரவில்லை.

பெருநாள் தொழுகை முடிந்து மாமியாரும் நானும் திரும்பி வருகிறோம். வக்தி கடை வாசலில் கூட்டம். சொன்ன சொல்லைக் காப்பாற்றவேண்டும் என்று நேராக அங்கே நடந்தேன். "வக்தி அண்ணே" என்று தொடங்கிவிட்டேன். பின்னாலிருந்து ஷவ்கி குரல் வந்தது. பத்து நாள் தாடி, வெள்ளை அங்கி. என்னைத் தாண்டிப் போய்க் கடை மேஜையில் கை வைத்தார்.

"பெருநாள் வாழ்த்து வக்தி. அந்த ஜெல் இன்னொரு டப்பா எடு."

காப்பிக்கடையில் கேலி செய்த அந்த சோபாக்காரன் சும்மா இருப்பானா? "என்ன மேஸ்திரி, வேலை செய்யுதா?" என்றான்.

"செய்யலேன்னா ரெண்டாவது டப்பா வாங்குவேனா? நீ கேக்கறதைப் பார்த்தா உனக்கும் ஒண்ணு வேணும்போல. வெக்கப்படாதே, வக்தி யார்கிட்டயும் சொல்லமாட்டாரு."

அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது அக்கா. வக்தி டப்பாவைக் காகிதத்தில் சுற்றவே தடுமாறினார்.

வீட்டுக்கு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டுக் கொடுத்தார். "பத்துல ஒரு பங்குதானே? தாண்டாதே" என்றார். நான் காலைப் பிடிக்கக் குனிந்தேன். நகர்ந்துகொண்டார். "என் கோவம் தீரல. அது கிடக்கட்டும் ஒரு பக்கம். ஊர் என் பேர்ல எழுதிடுச்சு, என் பேர்லயே இருக்கட்டும். உன்னை அவங்க வாயில போடமாட்டேன்."

கோபம் இன்னும் இருக்கிறது. சில நாள் பேசுகிறார், சில நாள் ஆணி வாயில் இருக்கிற மாதிரி இருக்கிறார். உரிய தண்டனைதான். ஆனால் நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. ஹீட்டர் இரண்டு தடவை பற்றியது. கொடியில் இரண்டு துண்டு. மாமியார் இரண்டையும் பிழிந்து பார்த்துவிட்டு, "புறாடி. எல்லாம் என் புறா" என்றாள்.

உனக்கு நான் என்ன அனுப்பட்டும் அக்கா? உன்னை நினைத்தால் எனக்கு வந்த சந்தோஷம் பாதியாகிவிடுகிறது.

தஹானி

●

அஸ்வான்
2 ஜூன் 2022

என் தங்கம் தஹானிக்கு, அவாதிஃப் சலாம். நலம். வெயில் பொசுக்குகிறது. முட்டியைப் பற்றி இனிக் கேட்காதே, அது வலிப்பதே இல்லை. உனக்கு எழுத வேறு இல்லாதபோது எழுதியது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரஃபத்துக்குச் சாப்பாடு வைத்தேன். கீழே அவர் சாப்பிடும் நாள் அது. முகத்தைப் பார்த்தேன். இந்த மனிதரிடம் சரி என்ற வார்த்தையைத் தவிர வேறொன்று இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதோடு விட்டேன்.

என்ன அனுப்பட்டும் என்றாய். டாக்டர் இப்திசாமின் முகவரியை அனுப்பு. ரஃபத்துக்காக இல்லை. அவரைக் கீழே இறக்க எனக்கு ஆசையில்லை. ஐம்பது வயதில் என் உடம்பு தானாகச் செத்ததா, இல்லை உயிரோடு இருந்ததை நானே மண் போட்டு மூடிவிட்டேனா, இதை ஒருவரிடமாவது கதவைச் சாத்திவிட்டுக் கேட்கவேண்டும். என்னை யாரும் கேட்டதில்லை தஹானி. கோவமா, பயமா, வலிக்கிறதா என்று ஒருவரும். ஒன்றுமில்லை, திரும்பிப் போ என்று அந்த அம்மா சொன்னாலும் சரி. கேட்டுவிட்டு வரவேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்கு லீவு பாக்கியிருக்கிறது, முஹர்ரத்தில் வருகிறேன்.

இன்னொன்று. போன வெள்ளி மேலே சத்தம் வருவதற்கு முன்பே எழுந்தேன். என் குளியலறைக் குழாயைத் திறந்தேன். இந்த வீட்டுக் குழாய் ஒன்றுதான், கீழே திறந்தால் மேலே உறுமும். எனக்காக மட்டும், வெந்நீர் தீரும்வரை நிதானமாகக் குளித்தேன். தலைக்கும் ஊற்றிக்கொண்டேன். அப்புறம் துண்டைப் பிழியாமல், மாடிப்படி பக்கத்துக் கொடியில், இறங்கி வருகிறவர்கள் முகத்தில் படுகிற மாதிரித் தொங்கவிட்டேன்.

ரஃபத் இறங்கி வந்து அதன் அடியில் நின்றார். தலையில் ஒரு சொட்டு விழுந்தது. என்னைப் பார்த்தார். நான் ஈரத் தலையைக் கோதிக்கொண்டு உள்ளே போனேன்.

ஷவ்கிக்கு என் சலாம். புறாவுக்கும்.

உன் அக்கா
அவாதிஃப்